கொழும்பில் நாடகம் பார்க்க ஒரு சனி ஞாயிறு: எப்படித் திட்டமிடுவது?

குருமண்காட்டார் எழுதியது:

வணக்கம். நாங்கள் வவுனியா. மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள், நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். சிங்கள நாடகத்துக்குச் சரச்சந்திரா, தமிழ்க் கூத்துக்கு வித்தியானந்தன் என்று கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்லுவாள், ஆனால் டிக்கெட் எடுத்து ஒரு ஒழுங்கான அரங்கில் இருந்து முழு நாடகம் பார்த்ததே கிடையாது. பாடசாலைப் போட்டி நாடகங்கள், கோயிலடியில் காத்தவராயன் கூத்து, அவ்வளவுதான் அவளுடைய அனுபவம். எனக்கும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

லண்டனில் இருக்கிற மச்சான் குடும்பம் விடுமுறை வந்தால் வெஸ்ட் எண்ட் போய் இரண்டு நாடகம் பார்த்து, ஹோட்டலில் ஒரு இரவு தங்கி வருவார்கள். அங்கே ‘தி மவுஸ்ட்ராப்’ என்ற ஒரே நாடகம் 1952இல் இருந்து ஓடுகிறதாம், எந்தக் கிழமை போனாலும் பார்க்கலாம் என்கிறார். அப்படி ஒரு பயணத்தைக் கொழும்புக்குப் போடலாமா என்று யோசிக்கிறோம். ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு திரும்புவதாக உத்தேசம். நான், மனைவி, மகள் மூன்று பேர்.

கேட்க வேண்டியவை: எந்த அரங்குக்குப் போவது? என்ன ஓடுகிறது என்று எங்கே பார்ப்பது? எங்கள் சிங்களம் சந்தைச் சிங்களம்தான், மேடையில் கதைப்பது விளங்குமா, இல்லை இரண்டு மணித்தியாலம் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வருமா? மனைவிக்கு முழங்கால் வருத்தம், படிக்கட்டு அதிகம் ஏற முடியாது. ஆள் சைவம். செலவு ஓரளவு பரவாயில்லை, ஆனால் வந்துவிட்டுச் சும்மா திரும்பக்கூடாது. லொட்ஜ் இப்போதே பதிந்துவிடட்டுமா?

பின்வரிசை எழுதியது:

லொட்ஜைப் பதியாதீர்கள். முதலில் நாடகம், அப்புறம் திகதி, அதற்குப் பிறகுதான் பஸ்ஸும் லொட்ஜும். இந்த வரிசையை மாற்றினால் நீங்கள் பயப்படுகிற மாதிரிச் சும்மா திரும்ப வேண்டியதுதான்.

உங்கள் மச்சான் சொல்வது லண்டனுக்குச் சரி. அங்கே ஒரு நாடகம் ஒரே அரங்கைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில், சிலது வருடக்கணக்கில், கிழமைக்கு ஏழெட்டுக் காட்சி ஓடும். கொழும்பில் அப்படி ஒரு அரங்கும் இல்லை, அப்படி ஓடும் நாடகமும் இல்லை. இங்கே நாடகக்குழு மண்டபத்தை அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறது, கல்யாணத்துக்கு ஹோல் பிடிப்பது போலத்தான். காலையில் லொறியில் செட் வரும், மத்தியானத்துக்குள் கட்டி லைட் போட்டு முடிப்பார்கள், பின்னேரம் ஆட்டம், இரவே கழற்றி ஏற்றிவிடுவார்கள். அடுத்த காட்சி குருநாகலில் இருக்கும், அதற்கடுத்தது காலியில் இருக்கும், கொழும்புக்குத் திரும்ப ஒரு மாதமும் ஆகலாம். நடிகர்களில் பாதிப் பேர் தொலைக்காட்சி நாடகங்களிலும் நடிப்பவர்கள், மற்றவர்களுக்குப் பகல் வேலை இருக்கும், அதனால் எல்லோருக்கும் ஒத்துவருகிற நாள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுதான். அது உங்களுக்கு வசதி. சிங்கள நாடகங்கள் பல தடவை ஒரே நாளில் இரண்டு காட்சி போடுவார்கள், பின்னேரம் மூன்றரைக்கு ஒன்று, ஆறரை ஏழு மணியளவில் இன்னொன்று. மூன்றரைக் காட்சியை ஒரு அரங்கிலும் இரவுக் காட்சியை இன்னொரு அரங்கிலுமாக ஒரே நாளில் இரண்டு நாடகம் பார்க்கும் பைத்தியங்கள் இருக்கிறோம், அடியேனும் ஒருவன். ஆனால் புதிதாக வருபவர்களுக்கு அது வேண்டாம். இரண்டாவது நாடகத்தில் தலை வேலை செய்யாது.

என்ன ஓடுகிறது என்று பார்க்க ஒரே ஒரு இடம் இல்லை, அதுதான் சள்ளை. ஞாயிற்றுக்கிழமைச் சிங்களப் பத்திரிகைகளில் சின்னச் சின்ன விளம்பரமாக வரும், உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். மருதானை, பொரளைச் சுவர்களில் போஸ்டர் இருக்கும், ஆனால் வவுனியாவில் இருந்து அதைப் பார்க்க முடியாதே. ஆகவே முகநூல்தான் வழி. குழுக்களின் பக்கங்களையும் மண்டபங்களின் பக்கங்களையும் இப்போதே தொடரத் தொடங்குங்கள், மூன்று நான்கு கிழமைக்கு முன் திகதிகள் வரும். மகளை அந்த வேலையில் போடுங்கள், எங்களைவிட விரைவாகத் தேடிவிடுவாள்.

திகதி வந்தவுடன் போஸ்டரில் இருக்கும் நம்பருக்கு ஒரு தடவை கதைத்து உறுதிப்படுத்துங்கள். காட்சி தள்ளிப்போவது இங்கே புதினம் இல்லை.

வெள்ளவத்தை அக்கா எழுதியது:

தங்குவதும் சாப்பாடும் நான் சொல்கிறேன், நாடகத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

வெள்ளவத்தையில் தங்குங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் சொகுசு பஸ்கள் பல வெள்ளவத்தை வரைக்கும் வரும், வவுனியாவில் ஏறினால் விடியப்புறம் காலி வீதியில் இறங்கிவிடலாம், கோட்டையில் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை. சைவச் சாப்பாட்டுக்கு அலைச்சலே கிடையாது, காலி வீதியில் நடந்தால் கடைக்குக் கடை இருக்கிறது, எல்லோரும் தமிழ் கதைப்பார்கள். லொட்ஜ் எடுக்கும்போது லிப்ட் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், அண்ணியின் முழங்காலுக்காகச் சொல்கிறேன். போன வருடம் என் சித்தியை ஒரு இடத்தில் போட்டோம், லிப்ட் இருந்தது, மூன்று நாளும் கதவில் கயிறு கட்டி இருந்தது.

நாடக அரங்குகளில் அதிகமானவை கொழும்பு ஏழிலும் மருதானைப் பக்கத்திலும் இருக்கின்றன, வெள்ளவத்தையில் இருந்து எல்லாமே ஓட்டோ தூரம். போகும்போது நூறு, நூற்றியொரு நம்பர் பஸ்ஸில் காலி வீதியால் கொள்ளுப்பிட்டி வரை போய் அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் மலிவு. ஆனால் சனிக்கிழமைப் பின்னேரம் காலி வீதி நகராது, அதைக் கணக்கில் எடுங்கள். இரவு திரும்பும்போது பஸ்ஸை நம்ப வேண்டாம், போனில் பிக்மீ செயலியில் ஓட்டோ கூப்பிடுங்கள், நாடகம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் கைதட்டல் முடிய முன்னமே போனை எடுத்துவிடுகிற ஆட்களும் உண்டு. அது மரியாதை இல்லை, நீங்கள் செய்யாதீர்கள், பத்து நிமிடம் நின்றால் வண்டி கிடைக்கும்.

இருக்கை விஷயம். லயனல் வென்ட் அரங்கில் கீழ்த்தளமும் பால்கனியும் உண்டு. பால்கனி மலிவு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சரி, அண்ணிக்கு வேண்டாம். கீழே நடுப்பகுதியில் வழியோர இருக்கையாகக் கேளுங்கள். அங்கே கவுண்டரில் ‘பாக்ஸ் பிளான்’ என்று இருக்கை வரைபடத்தைக் காட்டுவார்கள், எந்த இருக்கை வெறுமை என்று பார்த்து நீங்களே தெரியலாம். வெளியூர்க்காரர் தொலைபேசியில் சொல்லி வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அல்லது கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரைப் பிடியுங்கள், சொந்தக்காரர் இல்லாத வவுனியாக்காரர் இருக்கிறாரா என்ன? முதல் இரண்டு வரிசைகளை எடுக்காதீர்கள். கழுத்து வலிக்கும், நடிகரின் கால் தெரியாது, விலையும் அதிகம்.

ஒரு சால்வை கொண்டுவாருங்கள். ஏசி போட்டால் சில மண்டபங்களில் மார்கழி மாதம் மாதிரிக் குளிரும். சாப்பாட்டை நாடகத்துக்கு முன்னமே முடியுங்கள், இரவுக் காட்சி முடிய ஒன்பது தாண்டிவிடும், வெள்ளவத்தைக்கு வந்து சேரும்போது இடியப்பம் தீர்ந்து கொத்து மட்டும் இருக்கும்.

மத்தளம் எழுதியது:

சிங்களம் விளங்குமா என்ற கேள்விக்கு என் பதில்: எந்த நாடகம் என்பதைப் பொறுத்தது. இன்றைய அரசியலைக் கிண்டல் செய்யும் வசன நாடகத்துக்குப் போனால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது, சுற்றி எல்லோரும் சிரிக்க நீங்கள் மூன்று பேரும் முழித்துக்கொண்டு இருப்பீர்கள், அந்தச் சிரிப்பு முழுக்கச் சொல்லில்தான் இருக்கிறது. மேலே மொழிபெயர்ப்பு ஓடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் பாட்டும் ஆட்டமும் உள்ள மரபுவழி நாடகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுங்கள். சரச்சந்திராவின் ‘மனமே’ இன்றைக்கும் இடைக்கிடை மேடையேறுகிறது. அது முதன்முதலாக 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்ட்டில்தான் மேடையேறியது, மகளின் நோட்ஸில் அந்தத் திகதி இருக்கும். அதே அரங்கில் அதே நாடகம் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம், ஆனால் அரங்கு எது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், எங்கே போட்டாலும் போங்கள்.

ஏன் விளங்கும் என்று சொல்கிறேன். சரச்சந்திரா எடுத்துக்கொண்ட வடிவம் நாடகம என்கிற சிங்களக் கூத்து. அது தமிழ்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்தில் இருந்து, மேற்குக் கரையோரம் வழியாகச் சிங்களத்துக்குப் போனது என்பதைச் சரச்சந்திராவே தன் ஆய்வில் எழுதியவர். பலப்பிட்டியைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற நாடகம் ஆசான்தான் ‘மனமே’க்கு மெட்டும் ஆட்டமும் பழக்கினார், நம்முடைய கணக்கில் அவர் ஒரு அண்ணாவியார். திரை விலகியதும் ஓரத்தில் மத்தளக்காரரோடு பாடகர் குழு இருக்கும், பொத்தேகுரு என்பவர் வந்து கதையை அறிமுகம் செய்து பாடுவார், பாத்திரங்கள் ஒவ்வொன்றும் தன் வரவுப் பாட்டோடு ஆடிக்கொண்டு நுழையும். கட்டியகாரனையும் வரவு விருத்தத்தையும் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதில் எது எதற்காக நடக்கிறது என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. உங்கள் பிள்ளை காத்தவராயன் பார்த்தவள்தானே.

கதையை மட்டும் வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். குருகுலத்தில் படித்து முடித்த மனமே இளவரசன் குருவின் மகளை மணந்துகொண்டு காட்டு வழியால் ஊருக்குப் போகிறான். வேடர் தலைவன் அவளைக் கண்டு ஆசைப்படுகிறான், இருவருக்கும் சண்டை, இளவரசன் அவளிடம் வாளைக் கேட்கிறான். அந்த இடத்தில் அவள் என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்பதுதான் நாடகமே. மூலமான ஜாதகக் கதையில் அவள் கெட்டவள், அதோடு சரி. சரச்சந்திரா அதை அப்படி விடவில்லை, அவளுடைய கை தயங்குகிறதா, துரோகம் செய்கிறதா என்று பார்ப்பவரே தீர்மானிக்கும்படி வைத்தார். நடிகைக்கு நடிகை அந்த ஒரு கணம் மாறும். மகளிடம் அந்தக் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பரீட்சைக்கு ஒரு பக்கம் சொந்தமாக எழுதுவாள்.

அப்படியே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாடகம் போட்ட போடுதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தனைத் தமிழ்க் கூத்தின் பக்கம் வேகமாகத் தள்ளியது. 1962இல் ‘கர்ணன் போர்’, பிறகு ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று வந்தவை எல்லாம் அந்தச் சூட்டில் வந்தவை. கூத்து சிங்களத்துக்குப் போய், படித்தவர்களின் மேடையில் மரியாதை பெற்ற பிறகுதான் நம் படித்தவர்கள் நம் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, அது வேறு கதை.

குருமண்காட்டார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. மகள் மத்தளம் ஐயாவின் பதிலைப் பிரிண்ட் எடுத்துவிட்டாள். பாடத்தில் ‘பொத்தேகுரு’ என்று ஒரு வரிதான் இருக்கிறதாம்.

நாங்கள் வருகிற கிழமை ‘மனமே’ போடாவிட்டால்? ஆங்கில நாடகம் என்றால் மகளுக்கு விளங்கும், எனக்கும் அரைவாசி விளங்கும். தமிழ் நாடகம் கொழும்பில் நடப்பதே இல்லையா? ஒருவரும் அதைப் பற்றி எழுதவில்லையே.

கறுவாத்தோட்டத்துக் காகம் எழுதியது:

ஆங்கிலம்தான் உங்களுக்குச் சுலபம் அண்ணா. லயனல் வென்ட்டில் ஆங்கில நாடகம் வந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து மூன்று நாளாவது போடுவார்கள், அதனால் திட்டமிடுவதும் லேசு, ஒரு நாள் தவறினால் மற்ற நாள். ஜெரோம் டி சில்வாவின் வொர்க்‌ஷொப் பிளேயர்ஸ் குழு பெரிய இசை நாடகங்களுக்குப் பெயர்போனது, பாட்டும் நடனமுமாக மேடை நிறைய ஆள் இருக்கும், ஆங்கிலம் அரைவாசி விட்டுப்போனாலும் பார்க்க அலுக்காது. உங்கள் மச்சான் லண்டனில் பார்க்கிற வகை அதுதான். பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான ஷேக்ஸ்பியர் போட்டியும் அந்த அரங்கில் நடப்பதுண்டு, மகளின் வயதுப் பிள்ளைகள் நடிப்பதைப் பார்ப்பது அவளுக்கு நல்ல உற்சாகமாக இருக்கும். மகளிர் பாடசாலை ஒன்றின் அரங்கான பிஷப்ஸ் கல்லூரி மண்டபமும் கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருக்கிறது, நல்ல வசதி.

நெலும் பொக்குன அரங்கையும் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கலாம். 2011 டிசம்பரில் சீன உதவியில் கட்டித் திறந்தது, பொலன்னறுவையில் இருக்கும் தாமரைத் தடாகத்தின் வடிவில் கட்டினது, ஆயிரத்து இருநூறுக்கு மேல் இருக்கை. வெளியில் இருந்து படம் எடுக்கவாவது போங்கள்.

பின்வரிசை எழுதியது:

காகத்தோடு எனக்கு எப்போதும் இதே சண்டைதான். வவுனியாவில் இருந்து பஸ்ஸில் ஒரு இரவு முழுக்க வரும் பிள்ளைக்கு லண்டனில் பார்க்கக் கூடியதன் பிரதியை ஏன் காட்ட வேண்டும்? அதை மச்சான் வீட்டுக்குப் போகும்போது அசலாகவே பார்ப்பாள். ஆங்கிலத்தில் போவதென்றால் ருவந்தி டி சிக்கேராவின் ஸ்டேஜஸ் குழு மாதிரி இந்த நாட்டின் கதையைத் தாங்களே எழுதி நடிப்பவர்களின் நாடகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் மற்றதற்குப் போங்கள்.

நெலும் பொக்குன நாடகத்துக்குக் கொஞ்சம் பெரிது என்பது என் அபிப்பிராயம். இசைக் கச்சேரிக்குச் சரி. வசன நாடகம் போட்டால் பின்னால் இருப்பவருக்கு நடிகரின் முகம் ஒரு புள்ளி, மைக் இல்லாமல் குரலும் வராது. வென்ட்டில் அறுநூறு சொச்சம் பேர்தான் கொள்ளும், கடைசி வரிசையில் இருந்தாலும் மூச்சு வாங்குவது கேட்கும். 1953இல் திறந்தது, லயனல் வென்ட் என்ற புகைப்படக் கலைஞர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில், அவர் காலமான பிறகு அவரின் நினைவாகக் கட்டினார்கள். அவர் நல்ல பியானோக்காரரும் கூட. நாடகத்துக்கு அரைமணி முன்னம் போனால் கட்டிடத்திலேயே இருக்கும் கலைக்கூடத்தில் ஏதாவது ஓவியக் கண்காட்சி நடக்கும், காசில்லாமல் பார்க்கலாம்.

காகம் சொன்ன ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், ஷேக்ஸ்பியர் போட்டி அந்த வயதுப் பிள்ளைக்கு அருமையான விஷயம். திகதி ஓகஸ்ட்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

அரைத்திரை எழுதியது:

தமிழ் நாடகம் நடப்பதே இல்லையா என்று கேட்டீர்கள். நடக்கிறது, ஆனால் டிக்கெட் அடித்து, போஸ்டர் ஒட்டி, ஒவ்வொரு மாதமும் நடப்பது குறைவு. ஒரு அமைப்பின் ஆண்டு விழா, ஒரு பாடசாலையின் நாடக மன்ற விழா, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆற்றுகை, அரச நாடக விழாவின் தமிழ்ப் பிரிவு, இப்படி ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பெரும்பாலும் இலவசம், அழைப்பிதழ் வட்ஸ்அப்பில் சுற்றும், அந்தக் குழுவில் நீங்கள் இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியவே வராது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், இந்த நான்கையும் விசாரித்து வையுங்கள். ஞாயிறு வீரகேசரி, தினகரனில் ‘இன்றைய நிகழ்வுகள்’ மாதிரிச் சின்னப் பகுதியில் வருவதையும் பாருங்கள். ஒரு காலத்தில் கொழும்பில் தமிழ் நாடகம் என்றால் ஜிந்துப்பிட்டி, இந்தியாவில் இருந்து கம்பனிகள் வந்து ஆடின இடம். இப்போது அங்கே போனால் முருகன் கோயிலும் நெரிசலும்தான், நாடகத்துக்காகப் போக வேண்டாம்.

இரண்டு மொழியிலும் ஒரே குழு நடிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மக்கள் களரி, சிங்களத்தில் ஜனகரளிய. பராக்கிரம நிரியெல்ல 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, கூடாரம் போட்டு, நடுவில் களரி, சுற்றிவரப் பார்வையாளர் என்று ஊர் ஊராகப் போகிற அரங்கு. தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்திலும் சிங்களப் பிள்ளைகள் தமிழிலும் வசனம் பேசி நடிப்பார்கள். அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சில வேளை கொழும்பைவிட உங்களுக்குக் கிட்டவே இருப்பார்கள். வட்டக்களரியைப் படம் கீறிப் படித்த பிள்ளைக்கு அதற்குள்ளேயே இருந்து பார்ப்பது பெரிய விஷயம்.

பகலில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சனி காலையில் தேசிய அருங்காட்சியகம் போங்கள், 1877இல் திறந்தது, கோலம் என்கிற சிங்கள நாட்டார் ஆட்டத்தின் முகமூடிகள் இருக்கின்றன, அவற்றைக் கிட்ட நின்று பார்த்தால் ஒப்பனைப் பாடம் சுலபமாக விளங்கும். அங்கிருந்து வென்ட் நடை தூரம், அண்ணிக்கு வேண்டுமானால் ஓட்டோ. பாவைக்கூத்தில் ஆசை இருந்தால் தெஹிவளையில் ஒரு பாவை அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளவத்தையில் இருந்து கிட்ட. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஞாயிறு, மருதானை டவர் ஹோல். 1911இல் திறந்தது, நூர்த்தி நாடகங்களின் தலைநகரம். பம்பாய்ப் பார்சிக் கம்பனிகள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டும் திரைச்சீலையும் சிங்களத்துக்குள் புகுந்து வளர்ந்த வகை அது. அதே பார்சி அலைதான் தமிழில் இசை நாடகமாக, நம் ஊர்ப் பக்கம் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஆனது, யாழ்ப்பாணத்து நடிகமணி வைரமுத்துவின் ‘அரிச்சந்திரா மயான காண்டம்’ கேட்டவர்களுக்கு நூர்த்திப் பாட்டு அந்நியமாக இருக்காது. அங்கே ஒரு மூன்றரைக் காட்சி கிடைத்தால் ஞாயிறு இரவு பஸ்ஸுக்கும் நேரம் சரியாக வரும்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாடகம் முடிந்தவுடன் ஓடிவிடாதீர்கள். இங்கே நாடகக்காரர்கள் பெரிய கெடுபிடி காட்டுவதில்லை. மகள் நாடகம் படிக்கிறாள், வவுனியாவில் இருந்து வந்தோம் என்று வாசலில் நிற்கும் குழு ஆளிடம் சொல்லுங்கள், உடைந்த சிங்களத்தில் சொன்னாலும் பரவாயில்லை. மேடைக்குப் பின்னால் கூட்டிப்போவார்கள். செட் எப்படி மடங்கி லொறிக்குள் போகிறது, ஒரே பெட்டியில் எத்தனை உடுப்பு, லைட் போர்டை யார் இயக்குவது என்று பார்ப்பது, நாடகம் பார்த்ததில் இன்னொரு பாதி. நான் முதலில் அரங்கைக் கற்றுக்கொண்டது அப்படிக் கயிறு சுற்றிக் கொடுத்துத்தான்.

வெள்ளவத்தை அக்கா எழுதியது:

அரைத்திரை தம்பி சொன்னதற்கு ஒரு சின்ன எச்சரிக்கை: ஞாயிறு மூன்றரைக் காட்சி மூன்றரைக்குத் தொடங்கும் என்று நம்பி ஏழு மணி பஸ்ஸுக்குச் சீட்டு எடுக்காதீர்கள். மேடைக்குப் பின்னாலும் போவதென்றால் ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பும் பஸ்ஸாகப் பாருங்கள். லொட்ஜில் மத்தியானத்தோடு அறையை விட வேண்டி வரும், பைகளை மட்டும் இரவு வரை வைத்திருக்க விடுவார்களா என்று முன்னமே கேட்டு வையுங்கள்.

குருமண்காட்டார் எழுதியது:

இப்போதைக்கு முடிவு இதுதான். மகள் பத்துப் பன்னிரண்டு முகநூல் பக்கங்களைத் தொடரத் தொடங்கிவிட்டாள், ஓகஸ்ட் முழுக்க எந்த சனி ஞாயிறு நல்ல நாடகம் விழுகிறதோ அந்தக் கிழமை வருகிறோம். முதல் விருப்பம் ‘மனமே’, அது இல்லாவிட்டால் டவர் ஹோலில் நூர்த்தி, அதுவும் இல்லாவிட்டால் வென்ட்டில் இந்த நாட்டுக் கதை ஒன்று. மனைவி ஆங்கில இசை நாடகத்துக்கும் ஒரு வாக்குப் போட்டிருக்கிறா, காகம் சந்தோஷப்படலாம். கடைசியாக ஒன்று: காட்சி நடக்காமல் போனால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா?

பின்வரிசை எழுதியது:

பொதுவாகத் திருப்பித் தருவார்கள், அல்லது அடுத்த காட்சிக்கு அதே டிக்கெட்டை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டாவது உங்களுக்கு உதவாது, ஆகவே காசாகவே கேளுங்கள், டிக்கெட் துண்டைத் தொலைக்காதீர்கள். இணையத்தில் வாங்கினால் யாரிடம் வாங்கினீர்களோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும், மண்டபத்து ஆட்களிடம் சண்டை பிடித்துப் பயனில்லை, அவர்கள் ஹோலை வாடகைக்கு விட்டவர்கள் மட்டும்தான்.

அப்புறம், மருதானைக்கு ஓட்டோ பிடிக்கும்போது அரங்கின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். டவர் ஹோலும் எல்பின்ஸ்டனும் இரண்டுமே மருதானையில்தான் இருக்கின்றன, இரண்டிலும் நாடகம் நடக்கும். ‘மருதானை நாடக ஹோல்’ என்றால் ஓட்டோக்காரர் தனக்குப் பிடித்ததில் இறக்கிவிடுவார்.